கள்ளக்குறிச்சியில் மைனஸ் 40 டிகிரி

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான புளுகை விட்டுட்டுப் போயிடலாம். ஆனா காரணம் அது இல்ல. ஒரே பதிவை எழுதி, அழிச்சு, திரும்ப எழுதி, டிராஃப்ட்லயே பல மாசமா வெச்சிருந்தேன். இன்னிக்குக் காலையில அப்பா வண்டி கழுவிட்டு இருந்தப்போ சட்டைக் கையை மடிச்சு விட்டிருந்தார். அந்தக் கையைப் பாத்ததும் சரி, எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

முன்னெச்சரிக்கை: பாதிப் பதிவு ரேடியேட்டர், ஃபேன், ரிலேன்னு போகும். வண்டி ஆர்வம் இல்லாதவங்க நடுவுல தாவிக்கலாம். ஆனா கடைசியில வர்ற விஷயத்துக்கு இது வேணும்.

எங்க வண்டி அம்பாசடர். வெள்ளைதான், வேற என்ன கலர் இருக்கப் போகுது. அப்பா 2001-ல செகண்ட் ஹேண்டா வாங்கி, கள்ளக்குறிச்சியில இருபது வருஷம் வாடகைக்கு ஓட்டின வண்டி. நான் இன்ஜினியரிங் படிச்ச காசுல பாதி அந்த வண்டியோட டயர்ல இருந்து வந்தது. 1957-ல இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்போர்டைப் பாத்து உத்தர்பாராவில செய்ய ஆரம்பிச்சு, 2014 மே மாசம் கடையைச் சாத்தினாங்க. ஐம்பத்தேழு வருஷம் கிட்டத்தட்ட ஒரே உருவம். நம்ம ஊர்ல எந்த ஹீரோவும் அவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சதில்ல.

வாங்கும்போது அதுல இருந்தது 1489 சிசி டீசல் இன்ஜின். 37 குதிரை சக்தி. ஒன்றேகால் டன்னுக்கு இவ்வளவுதான் குதிரை. 2008-ல அதைத் தூக்கிட்டு 1995 சிசி இசுசூ டீசல் இன்ஜினை அப்பா போட்டார். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி, ஆர்.சி. புக்குல புது இன்ஜின் நம்பரை ஏத்தியாச்சு. (இதுல அப்பா ரொம்ப கறார். 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொன்னப்போ, நியூஸ் பேப்பரை என் முன்னாடி வெச்சு 'பாத்தியா, நான் அப்பவே புக்குல ஏத்திட்டேன்'னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டார்.) 2012-ல கல்யாண பார்ட்டிங்க கேக்கறாங்கன்னு வெளி கடையில ஏசியும் மாட்டினார்.

வில்லங்கம் அந்த ஏசியில தொடங்குச்சு. ஏசிக்கு ஒரு கண்டென்சர் வேணும். அதை ரேடியேட்டருக்கு முன்னாடிதான் மாட்டணும். அது சூட்டைக் கக்கும். அதாவது ரேடியேட்டருக்கு வர்ற காத்தே சூடான காத்து, அதுவும் வடிகட்டி வர்ற காத்து. அம்பாசடர்ல ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியிலயே போல்ட் போட்டு முடுக்கி இருக்கும். பெல்ட் சுத்தினா ஃபேன் சுத்தும். வண்டி சிக்னல்ல நிக்கும்போது இன்ஜின் மெதுவா ஓடுது, ஃபேனும் மெதுவா சுத்துது. ஏசி போட்டு சேலம் அஞ்சு ரோட்டுல பத்து நிமிஷம் நின்னா ஊசி மேல ஏறிடும். அப்பா ஏசியை அணைச்சுடுவார். பின்னாடி உக்காந்திருக்கற பட்டுப்புடவைங்க முணுமுணுக்கும்.

கொரோனா வந்தது, வாடகை ஓட்டம் நின்னது, அப்பா ஓய்வு எடுத்துக்கிட்டார். வண்டி வீட்டு வண்டி ஆச்சு. நான் வீட்டிலிருந்து பொட்டி தட்டிட்டு இருந்தேன். சும்மா இருக்கற சாஃப்ட்வேர் இன்ஜினியர் கிட்ட பழைய வண்டியைக் குடுத்தா என்ன ஆகும்? ஆச்சு.

2024 ஜனவரி, பொங்கல் லீவு. என் வாதம் இது. இன்ஜின்ல எரியற டீசலோட சக்தியில சுமாரா மூணுல ஒரு பங்கு கூலிங் தண்ணி வழியா வெளிய போகுது. அதை ரேடியேட்டர்ல கொட்டணும். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போனா எதிர்க் காத்தே போதும், ஃபேனே வேண்டாம். ஆனா பெல்ட் ஃபேன் அப்பவும் வெட்டியா சுத்திட்டே இருக்கும். சுத்தற வேகம் ரெண்டு மடங்கானா, அது தின்னற சக்தி எட்டு மடங்கு. வேண்டாத நேரத்துல மாஞ்சு மாஞ்சு உழைக்குது, சிக்னல்ல வேணுங்கற நேரத்துல தூங்குது (எங்க டேமேஜர் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல). அதைக் கழட்டிட்டு கரண்ட் ஃபேன் போட்டு, சூட்டைப் பாத்து நாமளே ஓட விட்டா மைலேஜும் வரும், சத்தமும் குறையும்.

அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "மலை ஏறும்போது?"

"மலைக்கும் அதேதான்ப்பா. சூடானா ஓடும்."

அவர் மேல எதுவும் சொல்லல. பையன் படிச்சவன்.

புதுப்பேட்டையில ஒரு சின்ன காரோட ரேடியேட்டர் ஃபேன் 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு ரிலே, ஒரு தெர்மிஸ்டர். தெர்மிஸ்டர்னா சூட்டுக்கு ஏத்த மாதிரி மின்தடை மாறற பொடி சாமான். நான் வாங்கின வகையில குளிரா இருந்தா தடை அதிகம், சூடாக சூடாக தடை குறையும். இந்த ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

முதல் வெர்ஷன் கோடுல ஒரே ஒரு இஃப். 90 டிகிரிக்கு மேல போனா ஃபேன் ஓடு, கீழ வந்தா நில்லு. ஸ்டார்ட் பண்ணி கால் மணி நேரத்துல ரிலே கடகடகடன்னு தட்டச்சு மெஷின் மாதிரி அடிக்க ஆரம்பிச்சது. 90.1, ஓடு. 89.9, நில்லு. 90.1, ஓடு. ரெண்டு நாள்ல ரிலே காண்டாக்ட் கருகி ஒட்டிக்கிச்சு. கம்பெனி கார்கள்ல வர்ற சூட்டு ஸ்விட்சுல இந்தப் பிரச்சனை இல்ல. அதுக்குள்ள இருக்கற உலோகத் தகடு ஒரு சூட்டுல டப்புனு வளையும், அதைவிட நாலஞ்சு டிகிரி கீழ வந்தாத்தான் திரும்ப நிமிரும். அந்த இடைவெளி தகட்டுக்குத் தானாத் தெரியும், எனக்குத் தெரியல. 92-ல ஓடு, 86-ல நில்லுன்னு மாத்தினேன். சரியாச்சு.

சரியாச்சுன்னு நினைச்ச உடனே அழகு படுத்தற வியாதி வந்துடுச்சு. தெர்மிஸ்டரை எங்க மாட்டறது? இன்ஜின் ஹெட்டுல டாஷ்போர்டு ஊசிக்கு ஒரு சென்சார் இருந்தது. அந்த ஓட்டைதான் சரியான இடம். பழைய சென்சாரைக் கழட்டிட்டு அதே மரையில என்னோடதைப் போட்டேன். டாஷ்போர்டு ஊசி செத்துப் போச்சு. பரவால்ல, சின்னதா ஒரு டிஸ்ப்ளே வெச்சேன். அது டாஷ்போர்டுல அசிங்கமா தொங்கிட்டு இருந்ததால ரெண்டு மாசம் கழிச்சு அதையும் எடுத்துட்டேன். எல்லாம் மெமரி கார்டுல பதிவாகுதே, எதுக்கு டிஸ்ப்ளே!

இன்னொண்ணு. அப்பா எப்பவும் பச்சத் தண்ணிதான் ஊத்துவார். எங்க ஊர் போர் தண்ணில உப்பு அதிகம், ரேடியேட்டர் குழாய் உள்ள காறை கட்டிக்கும். நான் எல்லாத்தையும் அலசி விட்டு, பச்சைக் கலர் கூலண்ட்டும் சுத்தமான தண்ணியும் சரிபாதி கலந்து ஊத்தினேன். பழைய ரேடியேட்டர் மூடியில ரப்பர் வாஷர் காய்ஞ்சு ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. புதுசா 0.9 பார் மூடி போட்டேன். இது சாதாரண மூடி இல்லீங்க. உள்ள அழுத்தத்தை அடக்கி வைக்கும். அழுத்தம் ஏறினா கொதிநிலை ஏறும். திறந்த பாத்திரத்துல 100-ல கொதிக்கற தண்ணி, இந்த மூடிக்குக் கீழ 118, 119 வரைக்கும் கொதிக்காம இருக்கும். கூலண்ட் கலந்திருந்தா 120-ஐத் தாண்டும். மலை மேல காத்தழுத்தம் குறைவு, 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கொதிநிலை இறங்கும், அதனால மலைக்கு மூடி ரொம்ப முக்கியம்னு அப்பாவுக்கு ஒரு லெக்சரே குடுத்தேன். கேட்டுக்கிட்டார்.

இதுல செஞ்ச உருப்படியான வேலை ஒண்ணு உண்டு. பழைய மெக்கானிக் யாரோ எப்பவோ தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டிருந்தார். நம்ம ஊர்ல இது ஒரு சடங்கு. வண்டி சூடானா முதல்ல அதைக் கழட்டுவாங்க. அதுக்குள்ள மெழுகு இருக்கும். 82 டிகிரி பக்கம் உருகி விரிஞ்சு வால்வைத் திறக்கும். அது இல்லாட்டி காலையில இன்ஜின் சூடு ஏற அரை மணி நேரம் ஆகும், டீசல் சரியா எரியாம கரும்புகை கக்கும், தேய்மானம் வேற. திரும்பப் போட்டேன். புகை குறைஞ்சது. அந்த கர்வமும் சேர்ந்துக்கிச்சு.

நாலு மாசம் வண்டி அருமையா ஓடுச்சு. சேலம் சிக்னல்ல ஏசியோட நின்னோம். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், ஒரு தடவை சென்னை. அப்பாவே மெக்கானிக் அண்ணன்கிட்ட 'பையன் கம்ப்யூட்டர் வெச்சிருக்கான் வண்டியில'ன்னு சொன்னாராம்.

2024 மே மாசம் மூணாவது ஞாயித்துக்கிழமை. அப்பாவோட பழைய சிநேகிதர் வீட்டுக் கல்யாணம், வெள்ளிமலை பக்கம் ஒரு கிராமத்துல. கல்வராயன் மலைக்குக் கச்சிராயபாளையம் வழியாப் போகணும். சர்க்கரை ஆலையைத் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டினா ஏத்தம் ஆரம்பிச்சுடும். அப்பா ஓட்டினார். நான் முன்னாடி, அம்மாவும் அத்தையும் பின்னாடி. ஏசி ஓடுது. காலையிலயே வெயில் கொளுத்துது.

மலை ஏத்தத்துல ரெண்டாவது கியர், பதினஞ்சு இருபது கிலோமீட்டர் வேகம். இங்கதான் என் வாதத்தோட ஓட்டை. எதிர்க் காத்து கிடையாது, ஆனா இன்ஜின் முழு மூச்சுல உழைக்குது. பழைய பெல்ட் ஃபேன் இந்த இடத்துக்குன்னே பிறந்தது. ரெண்டாவது கியர்ல இன்ஜின் அலறுது, ஃபேனும் கூடவே அலறும். சிக்னல்ல தூங்கற அதே ஃபேன் மலையில பேய் மாதிரி காத்தை இழுக்கும். என்னோட கரண்ட் ஃபேனுக்கு மலையும் தெரியாது, மட்டமும் தெரியாது. சின்ன இன்ஜினுக்குன்னு செஞ்ச நூறு வாட் சமாச்சாரம், ரெண்டு லிட்டர் டீசலுக்கு முன்னாடி விசிறிட்டு இருக்கு. அதுவும் அதைச் சுத்திக் கூண்டு கூட நான் வைக்கல. கூண்டு இல்லாத ஃபேன் தன்னோட வட்டத்துக்கு நேரா இருக்கற காத்தை மட்டும்தான் இழுக்கும். ரேடியேட்டரோட மூலை நாலும் சும்மா கிடக்கும்.

அப்பா கேட்ட அந்த ஒரு வார்த்தைக் கேள்வி இதுதான். அவருக்குக் கணக்கு தெரியாது, ஆனா பதில் தெரியும்.

பாதி மலையில அப்பா மூக்கை உறிஞ்சினார். "ஏதோ இனிப்பு வாசனை வருதுடா."

எனக்கு எதுவும் வரல. ஊசி இருந்திருந்தா அவர் ஊசியைப் பாத்திருப்பார். டாஷ்போர்டுல ஊசி செத்து படுத்திருக்கு. "ஒண்ணும் இல்லப்பா, ஃபேன் ஓடும்"னு சொன்னேன். ஃபேன் ஓடற சத்தம் கேக்குதான்னு கூட நான் காது குடுக்கல. இன்னும் ரெண்டு கொண்டை ஊசி வளைவு. அப்புறம் பானட் இடுக்குல இருந்து வெள்ளையா ஆவி. இன்ஜின் இழுக்காம திணறுச்சு. அப்பா ஓரமா நிறுத்தினார்.

அவர் முப்பது வருஷமா கொதிச்ச வண்டிங்களைப் பாத்தவர். பானட்டைத் தூக்கினார். அஞ்சு நிமிஷம் விட்டார். டிக்கியில இருந்து சாக்கை எடுத்து, நனைச்சு, மடிச்சு, மூடி மேல போட்டார். எப்பவும் அப்படித்தான் செய்வார். பழைய மூடி அழுத்தத்தையே அடக்கினதில்ல, அதனால அஞ்சு நிமிஷம் எப்பவும் போதுமா இருந்தது. நான் அத்தைக்குத் தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்துட்டு இருந்தேன். 'தொடாதீங்கப்பா'ன்னு சொல்லக் கூட நான் அந்தப் பக்கம் பாக்கல. அழுத்தம் பத்தி லெக்சர் குடுத்தவன், அதைத் திறந்தா என்ன ஆகும்னு மட்டும் சொல்லவே இல்ல.

அழுத்தத்துல 115, 120 டிகிரியில இருக்கற திரவம், மூடியைத் திறந்த அந்த நொடியே கொதிச்சுப் பொங்கும். சாக்கைத் தூக்கி அடிச்சது. வலது முன்கை முழுக்க, கழுத்துல கொஞ்சம். முகத்தைத் திருப்பிக்கிட்டதால கண் தப்பிச்சது.

அப்பா கத்தல. 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தம் இன்னமும் எனக்குக் கேக்கும்.

மேல ஒரு வீட்டுல இருந்து ஒரு அம்மா குடத்தோட ஓடி வந்தாங்க. கையில தண்ணி ஊத்திட்டே இருந்தாங்க. பேஸ்ட் தடவுங்கன்னு ஒருத்தர் சொன்னார், அத்தை விடல, தண்ணியே ஊத்தச் சொன்னாங்க. ரெண்டு குடம், மூணு குடம். அந்த மலையில மே மாசம் மூணு குடம் தண்ணின்னா என்னன்னு அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். அப்புறம் கீழ இறங்கற ஒரு ஜீப்ல ஏத்திக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தோம். ஜீப்காரர் காசு வாங்கல. அப்பாவைத் தெரியும்னார்.

ராத்திரி மெமரி கார்டை லேப்டாப்புல போட்டுப் பாத்தேன். அஞ்சு நொடிக்கு ஒரு வரி. 88. 91. 92, ஃபேன் ஆன். 94. 96. 97. ஃபேன் ஓடிட்டே இருக்கும்போதே ஏறிட்டு இருக்கு, அது முதல் விஷயம். அதுக்கு அடுத்த வரி:

மைனஸ் 40. ஃபேன் ஆஃப்.

மைனஸ் 40. மைனஸ் 40. மைனஸ் 40. வண்டி நிக்கற வரைக்கும் பதினோரு நிமிஷத்துக்கு மைனஸ் 40.

தெர்மிஸ்டர் ஒயர் இன்ஜின் அதிர்வுல, லக்கு கிட்ட, ஒடிஞ்சிருக்கு. ஒயர் ஒடிஞ்சா தடை முடிவிலி. தடை அதிகம்னா குளிர். என் அட்டவணையில இருந்த கடைசிக் குளிர் மைனஸ் 40. கள்ளக்குறிச்சி மாவட்டத்துல, மே மாசத்துல, ஏசி போட்டு மலை ஏறற டீசல் இன்ஜின் மைனஸ் 40 டிகிரியில இருக்குன்னு அஞ்சு நொடிக்கு ஒரு தடவை எழுதி வெச்சுட்டு, ஃபேனை நிம்மதியா அணைச்சு வெச்சிருக்கு என் புரோகிராம். கம்பெனி கார்கள்ல இதே மாதிரி ஒயர் ஒடிஞ்சா, கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு ஃபேனை முழு வேகத்துல ஓட விட்டுடும். ஆபீஸ்ல நான் மத்தவங்க கோடை ரிவ்யூ பண்ணும்போது எழுதற முதல் கமெண்ட்டே 'இன்புட் தப்பா வந்தா என்ன பண்ணுவ?'தான்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். ஹெட் கேஸ்கெட் போயிருந்தது, ஹெட் லேசா வளைஞ்சிருந்தது. லேத்துல குடுத்துத் தேய்ச்சாச்சு. ஆனா கேஸ்கெட் செட் கிடைக்கல. கம்பெனி நின்னு பத்து வருஷம் ஆன வண்டி. சென்னையில சொல்லி வெச்சுக் காத்துட்டு இருந்தோம். ஷெட்டுல வண்டி தலையில்லாம நின்னுட்டு இருந்தது.

இப்ப அந்த விஷயம்.

எங்க வீடு கருணாபுரத்துக்கு ரெண்டு தெரு தள்ளி. 2024 ஜூன் 19, புதன்கிழமை. முந்தின நாள் குடிச்ச சாராயத்துல மெத்தனால். அதுக்கு அப்புறம் நடந்ததை நீங்க எல்லாரும் டிவியில பாத்துட்டீங்க, அறுபதுக்கும் மேல செத்துப் போனாங்க. அதை நான் திரும்ப எழுதப் போறதில்ல. டிவியில வராதது ஒண்ணே ஒண்ணு.

காலையில, ஆம்புலன்ஸ்ங்க இன்னும் தெருவை நிறைக்காத நேரம், ஒரு அண்ணன் ஓடி வந்தார். அப்பாவோட பழைய ஸ்டாண்டுல மூட்டை தூக்கினவர் ஒருத்தரோட தம்பி. எங்க தெருவுல நடு ராத்திரியில பிரசவத்துக்கும் பாம்புக் கடிக்கும் எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. இருபது வருஷப் பழக்கம்.

"அண்ணே, வண்டி இருக்கா? அண்ணனுக்குக் கண்ணு தெரியலங்கறான். வயித்த வலி தாங்கல."

அப்பா கட்டுப் போட்ட கையோட வாசல்ல நின்னார். "ஷெட்டுல நிக்குதுடா"ன்னு சொன்னார். அப்புறம் அவரே தெரு முனைக்கு ஓடி, ஒரு ஷேர் ஆட்டோவை மடக்கி ஏத்தி விட்டார். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியும், பால்கனியில நின்னு பாத்துட்டு இருந்தேன். பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. அந்த அண்ணன் உயிர் பிழைச்சுட்டார். ஒரு கண்ணுல பார்வை திரும்பல. பத்து நிமிஷத்துக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லைன்னு டாக்டருக்குப் படிக்கற சிநேகிதன் சொன்னான். மெத்தனால் உடம்புல ஃபார்மிக் அமிலமா மாறி பார்வை நரம்பை அடிக்கறதுக்கு மணிக்கணக்கா ஆகும், அவர் குடிச்சது முந்தின நாள், அது எப்பவோ நடந்திருக்கும்னான். சரியாத்தான் இருக்கும்.

அன்னிக்குச் சாயங்காலம் அம்மா மாடிப்படிக்குக் கீழ இருந்து ஒரு தண்ணி பாட்டிலை எடுத்துட்டு வந்தாங்க. முக்கால் பாட்டில் பச்சைக் கலர். மிச்சமான கூலண்ட். கேன் பெருசா இருக்குன்னு நான்தான் ஒரு லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில்ல ஊத்தி வெச்சிருந்தேன்.

"இது என்னாடா?"

"வண்டிக்கு ஊத்தறதும்மா."

"குடிச்சா?"

பதில் சொல்ல வாய் வரல. கூலண்ட்ல இருக்கறது எத்திலீன் கிளைக்கால். தித்திக்கும். அப்பா மலையில மோந்த அந்த இனிப்பு வாசனை அதுதான். உடம்புல போனா மெத்தனாலை விஷமா மாத்தற அதே என்சைம்தான் இதையும் விஷமா மாத்துது. அங்க கண்ணு, இங்க கிட்னி. ரெண்டுக்கும் மாத்து மருந்து கூட ஒண்ணுதான். இன்னொண்ணும் அன்னிக்கு ராத்திரி படிச்சேன். 1920கள்ல குளிர் தேசங்கள்ல கார் ரேடியேட்டர் உறையாம இருக்க ஊத்தினதே மெத்தனால்தான். சீக்கிரம் ஆவியாகுதுன்னு அப்புறம் கிளைக்காலுக்கு மாறினாங்க.

அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லல. "குடிச்சா செத்துடுவாங்கம்மா"ன்னு மட்டும் சொன்னேன். அம்மா என்னையே பாத்தாங்க. திட்டல. "இந்தத் தெருவுல, தண்ணி பாட்டில்ல..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க. பக்கத்து வீட்டுப் பசங்க எங்க மாடிப்படிக்குக் கீழதான் கிரிக்கெட் பேட் வெச்சுட்டுப் போவானுங்க. சாக்கடையில ஊத்தக் கூடாது, நாய் மாடு நக்கும். திரும்பக் கேன்ல ஊத்தி, மூடி, மேல மார்க்கர்ல மண்டை ஓடு வரைஞ்சு, ஷெட்டுல குடுத்துட்டு வந்தேன்.

ஜூலையில கேஸ்கெட் வந்தது. வண்டியை நானும் மெக்கானிக் அண்ணனும் சேர்ந்து கட்டினோம். இப்ப இருக்கற ஏற்பாடு இதுதான், வேணுங்கறவங்க எடுத்துக்கோங்க. பெல்ட் ஃபேன் பழையபடி வாட்டர் பம்ப் மேல. அதுக்கு ஒழுங்கான கூண்டு. கரண்ட் ஃபேன் கண்டென்சருக்கு முன்னாடி, காத்தைத் தள்ளற மாதிரி, சிக்னல்ல ஏசிக்கு மட்டும் உதவிக்கு. ஹெட்டுல டாஷ்போர்டு ஊசியோட சொந்த சென்சார் சொந்த ஓட்டையில. என் தெர்மிஸ்டருக்கு மேல் ஹோஸ்ல தனியா ஒரு இணைப்பு. ரிலேல கரண்ட் இல்லாதப்போ மூடியிருக்கற காண்டாக்டுல ஃபேனைக் கொடுத்திருக்கேன். அதாவது நிறுத்தறதுக்குத்தான் என் போர்டு வேலை செய்யணும். போர்டு செத்தா, ஃபியூஸ் போனா, புரோகிராம் தொங்கினா ஃபேன் ஓடும். கோடுல இப்ப 10 டிகிரிக்குக் கீழயோ 130-க்கு மேலயோ வந்தா அது சூடு இல்ல, ஒயர். ஃபேன் ஓடு, சிவப்பு விளக்கு எரி. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி நாற்பது தடவை சோதிச்சேன். மூடி அதே 0.9 பார்தான், அது தப்பு பண்ணல. பானட் உள்பக்கம் சிவப்பு பெயிண்டுல 'சூடா இருந்தா தொடாதே, அரை மணி நேரம்'னு எழுதினேன். அப்பா படிச்சுப் பாத்துட்டு, "எனக்கா எழுதியிருக்க?"ன்னு கேட்டார்.

"யாருக்கா இருந்தாலும்ப்பா."

மைலேஜ் பழையபடி லிட்டருக்குப் பதினொண்ணு. என் ஃபேன்ல பன்னெண்டு வந்துட்டு இருந்தது. அது போச்சு.

போன ஆடியில திரும்ப வெள்ளிமலை போனோம். அந்தக் குடத்து அம்மாவைத் தேடி, ஒரு பை நிறைய சாமான் வாங்கிட்டுப் போனோம். அப்பாதான் ஓட்டினார். நான் பக்கத்துல. கோமுகி அணையைத் தாண்டினதும் ரெண்டாவது கியர், இன்ஜின் அலறுது, பெல்ட் ஃபேன் கூடவே அலறுது. பேச்சுக் குரல் கூட கேக்கல. அப்பா ரோட்டைப் பாக்கறார், ஊசியைப் பாக்கறார், ரோட்டைப் பாக்கறார். நான் ஊசியை மட்டும் பாத்துட்டு இருந்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேல ஏறி அங்கயே நின்னுச்சு.

நாங்க நின்ன அந்த வளைவு வந்தப்போ அப்பா ஏசியை அணைச்சார். தேவையே இல்ல. அத்தை பின்னாடி இருந்து "ஏன்டா அணைச்ச, புழுங்குது"ன்னாங்க.

"கண்ணாடியை இறக்கிக்க, மலைக் காத்து வரும்"னார்.